ஒட்டுத்துணிப் போர்வையின் நகல்

மாடியில் குடியிருந்த அம்மாள் தன் கைப்பேசியில் அந்தப் போர்வையின் படத்தைக் காட்டியதும் நான் முதலில் கட்டங்களைத்தான் எண்ணினேன். குறுக்கே ஆறு, நெடுக்கே ஏழு. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒன்பது சிறு சதுரங்கள்.

"முந்நூத்தி எழுபத்தெட்டு" என்றேன்.

"போர்வை நல்லா இருக்கானு கேட்டா, எத்தனைனு சொல்றாரு பாரு" என்றாள் என் மனைவி. "நீ காட்டும்மா, நான் பாக்குறேன்."

எங்கள் வீடு செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது. ஆசிரமத்துக்கு நடந்தே போய்விடலாம். அதனால் மாடி அறை குளிர்காலத்தில் காலியாக இருந்ததில்லை. இந்த அம்மாள் அமெரிக்கர், அறுபது தாண்டியவர். நாலைந்து வருடங்களாக வருகிறவர். தெருவிலும் காய்கறிக் கடையிலும் கற்றுக்கொண்ட தமிழ் கொஞ்சம் உண்டு. அது போதாத இடத்தில் நான் ஆங்கிலத்திலிருந்து மாற்றிச் சொல்லுவேன். என்னை சார் என்பார். என் மனைவியை அக்கா என்பார்.

போர்வையின் கதை இது. அவருடைய குடும்பத்தில் ஐந்து தலைமுறைக்கு முன் இருந்த ஒரு பெண் அதைத் தைத்தார். அந்த நாட்டில் மக்கள் துணிக்கூண்டு போட்ட வண்டிகளில் ஏறி மேற்கே நிலம் தேடிப் போன காலம். போகிறவர்கள் திரும்பி வருவதில்லை. புதிதாகக் கல்யாணமான அந்தப் பெண் கிளம்பும்போது அவருடைய தாய், தங்கைகள், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் ஆளுக்கொரு பழைய உடுப்பைக் கிழித்துத் துண்டு கொடுத்திருக்கிறார்கள். வண்டி போகிற வழியெல்லாம் அவர் அவற்றைச் சதுரங்களாக வெட்டித் தைத்துக்கொண்டே போயிருக்கிறார். கடைசிச் சதுரத்துக்குத் துணி போதவில்லை. வண்டிக் கூண்டின் ஓரத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்துத் தைத்துவிட்டார். போர்வையின் வலது கீழ் மூலையில் அந்த ஒரு சதுரம் மட்டும் சாக்கு மாதிரி முரடாக இருக்கும்.

நான் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்தவன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவங்க போய்ச் சேர்ந்த நிலம் அதுக்கு முன்னாடி யார் பேர்ல இருந்தது?"

 "பேர்ல எதுவும் இல்ல சார். ஆனா ஆளுங்க இருந்தாங்க" என்றார்.  அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதில் நினைவுக்கு வரும்.

இப்போது அந்தப் போர்வை அவருடைய தாயிடம் இருந்தது. தாய்க்குத் தொண்ணூறுக்கு மேல். முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கண் பார்வை போய்விட்டது. இரவில் அந்தப் போர்வையை இழுத்து, மூலையில் இருக்கும் முரட்டுச் சதுரத்தை விரலால் தேடிப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். குழந்தையிலிருந்தே அப்படித்தானாம். ஆனால் துணி இற்றுப்போய்விட்டது. தினமும் படுக்கையில் நூலும் பஞ்சும் உதிர்கின்றன. அவர்கள் ஊரில் உள்ள சிறிய காட்சிக்கூடத்துக்கு அதைக் கொடுத்துவிடுவது என்று இவருடைய அண்ணன் பேசி முடித்துவிட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் மிச்சமாவது நிற்கும் என்பது அவர் கட்சி. அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் ஒருமுறை கிழிசல் தைப்பதற்காகப் போர்வையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தத் தாய் இரவு முழுக்கப் படுக்கையைத் தடவித் தடவி அழுதிருக்கிறார்.

"அதே மாதிரி ஒண்ணு செய்யணும் அக்கா" என்றார் மாடி அம்மாள். "அம்மாவுக்குக் கண்ணு தெரியாது. கைக்குத்தான் தெரியணும். அம்மா குளிக்கப் போகும்போது அண்ணன் பழசை எடுத்துட்டு இதை வெச்சிடுவான்."

என் மனைவி அரசுப் பெண்கள் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். முட்டிவலி வந்த பிறகு மெஷினை மிதிப்பதில்லை. கண்ணும் முன்போல இல்லை. நான் அதைச் சொல்லத் தொடங்குவதற்குள், "கைத்தையல்தானே? தெச்சிடலாம்" என்றாள்.

எனக்கு அன்றிரவே கவலை பிடித்துக்கொண்டது. எனக்குக் கவலைக்குக் காரணம் தேவையில்லை என்று அவள் சொல்லுவாள். ஆனால் இதற்குக் காரணம் இருந்தது.

என் வேலைக்காலம் பெரும்பாலும் நகல் எடுப்பதிலேயே போனது. பழைய புல வரைபடங்கள் மடிப்பில் கிழிந்து, பூச்சி அரித்து வரும். அவற்றைப் புதுத் தாளில் வரைந்து கொடுக்க வேண்டும். நகல் பிரிவில் ஒரு விதி உண்டு. மூலத்தில் இருப்பதை அப்படியே வரைய வேண்டும், தவறு இருந்தால் தவறோடு. வரப்பு ஒரு இடத்தில் கோணலாகப் போகிறது, முதலில் அளந்தவர் சங்கிலியைச் சரியாக இழுக்கவில்லை என்று தெரிந்தாலும் நேராக்கக் கூடாது. அது நம் வேலை இல்லை. எல்லாம் முடிந்த பிறகு கீழே 'உண்மை நகல்' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த முத்திரை இல்லாத தாள் மேஜையை விட்டு நகரக் கூடாது. ஏனென்றால் முத்திரை இல்லாத நல்ல நகல் வெளியே போய் மூலம் என்று சொல்லிக்கொள்ளும்.

இந்தப் போர்வையை மூலம் என்று சொல்லிக்கொள்வதற்காகவே செய்யப் போகிறோம். அதுவும் கண் தெரியாத ஒருவரிடம்.

என் மனைவியிடம் சொன்னேன்.

"உங்க ஆபீசை இங்க எடுத்துட்டு வராதீங்க" என்றாள். "வயசான அம்மா, குளிர் ஊரு. போத்திக்க ஒண்ணு கேக்குறாங்க. அவ்ளோதான்."

மாடி அம்மாள் ஊரில் இருந்தபோது போர்வையின் மேல் அளவுகோலை வைத்து ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் படம் எடுத்து வந்திருந்தார். நாற்பத்திரண்டு படங்கள். ஒரு பிளாஸ்டிக் உறையில் அந்த வண்டித் துணியிலிருந்து உதிர்ந்த ஒரு விரல்நகம் அளவுத் துண்டும் இருந்தது. அவருடைய கைக்கு எட்டிய மூலம் அவ்வளவுதான். நான் பெரிய தாள் வாங்கி வந்து, கட்டம் போட்டு, ஒவ்வொரு சதுரத்துக்கும் எண் கொடுத்து வரைந்தேன். எந்தச் சதுரம் நீலப்பூ, எது பழுப்புக் கோடு, எது வெளுத்த சிவப்பு எல்லாவற்றையும் குறித்தேன். ஓய்வு பெற்ற பிறகு அந்த அளவுக்கு ஒழுங்காக எதையும் செய்ததில்லை.

நாலாவது வரிசையில் இரண்டாவது கட்டத்தை வரையும்போது ஒன்று கவனித்தேன். மற்ற எல்லாக் கட்டங்களிலும் நான்கு மூலையும் நடுவும் அழுத்தமான நிறம், மிச்சம் நாலு வெளிர். இந்த ஒன்றில் மட்டும் தலைகீழ். மூலைகளும் நடுவும் வெளிர், மிச்சம் அழுத்தம்.

என் மனைவி பார்த்தாள். "ஆட்டத்துல வெச்சு தெச்சிருப்பா பாவம். வண்டி குலுக்கல்ல கலர் மாறிப் போயிருக்கும். நாம சரியா வெச்சுக்கலாம்."

"கூடாது."

"இன்னாங்க கூடாது?"

"மூலத்துல எப்படியோ அப்படித்தான்."

"தப்புனு தெரிஞ்சே நான் தெக்கணுமா? முப்பது வருஷம் பொண்ணுங்க தெச்சதைப் பிரிச்சுப் போட்டவ நான். இப்ப நானே தப்பா தெக்குறதா?"

"கண்ணு தெரியாத அம்மாவுக்கு நிறம் எப்படி இருந்தா இன்னா, அக்கா சொல்ற மாதிரியே செய்யலாமே" என்றார் மாடி அம்மாள், எங்கள் சண்டையைத் தீர்ப்பதாக நினைத்துக்கொண்டு.

நான் விடவில்லை. அந்தத் தாயை ஏமாற்றுவதற்கு உடன்பட்டுவிட்டேன். அந்த வண்டியில் உட்கார்ந்து தைத்த பெண்ணையாவது ஏமாற்றாமல் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. இதை வெளியே சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்கு எப்போதும் பலன் உண்டு. அவள் அந்தக் கட்டத்தைத் தவறாகவே தைத்தாள். தைத்து முடிக்கும் வரை முணுமுணுத்தாள்.

துணி சேர்ப்பதே பெரிய பாடு. புதுத் துணி எதுவும் கைக்குச் சரியாக வராது, மொடமொடவென்று இருக்கும். கடைகளில் தேடி வாங்கிய பருத்தித் துணிகளைத் துவைத்துக் காயவைத்து, மறுபடி துவைத்து, மொட்டைமாடிக் கொடியில் போடுவோம். எங்கள் தெருவில் கொடியில் துணி போட்டால் குரங்குக்குக் காவல் இருக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கி வருகிற கூட்டத்துக்குப் பூப்போட்ட துணி என்றால் ஒரு தனி ஆசை. கையில் கழியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் ஒரு குட்டி நீலப்பூத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. வாழைப்பழம் கொடுத்து மீட்டோம்.

பஞ்சு கீழ்பென்னாத்தூரில் கிடைத்தது. அது என் மனைவியின் ஊர். அங்கே அவளுக்குத் தெரிந்த ஒரு மெத்தை தைப்பவர் இருந்தார். பௌர்ணமியை ஒட்டிய நாளாக இருந்ததால் பஸ்ஸெல்லாம் கிரிவலக் கூட்டத்தை அடைத்துக்கொண்டு வந்தன. போய்ச் சேருவதற்குள் எனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். மெத்தை தைப்பவர் கொடுக்கவிருந்த பஞ்சு சுத்தமாக, வெண்மையாக இருந்தது. மாடி அம்மாள் எங்களோடு வந்திருந்தார். அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"ரொம்ப நல்லா இருக்கு. இவ்ளோ நல்லது வேணாம்" என்றார். பழைய போர்வையில் பருத்திக்கொட்டைத் தூள் அங்கங்கே நெருடுமாம். தாய் அதை விரலால் உருட்டிக்கொண்டே இருப்பாராம்.

மெத்தை தைப்பவர் என்னைப் பார்த்தார். "சார், கொட்டை எடுக்காத பஞ்சு கேட்டு வந்த முதல் கிராக்கி நீங்கதான்."

"குறையா இருந்தாத்தான் சரியா இருக்கும்" என்றாள் என் மனைவி. அதை அவள் வாயிலிருந்து கேட்டதும் நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

தையல் வேலை தொடங்கிய பிறகு எனக்கு ஒரு பணி கிடைத்தது. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எனக்குக் கிட்டத்தில் இருப்பது நன்றாகத் தெரிகிறது. அவளுக்கு அறுவை சிகிச்சை இன்னும் ஆகவில்லை. காலையில் காபி குடித்ததும் இருபது ஊசிகளில் நூல் கோத்து ஒரு சின்ன தலையணையில் வரிசையாகக் குத்தி வைப்பேன். மதியத்துக்குள் தீர்ந்துவிடும். மறுபடி இருபது. ஒரு ஊசி குறைந்தால் வீடு முழுக்கத் தேடுவேன். "காலைக் குத்தினா தெரியப் போகுது" என்பாள் அவள். மாடி அம்மாளும் கீழே இறங்கி வந்து உட்கார்ந்து தைப்பார். அவருடைய தையல் கொஞ்சம் நீளமாக விழும். என் மனைவி பார்ப்பாள், எதுவும் சொல்ல மாட்டாள். அவர் மாடிக்குப் போன பிறகு பிரித்துவிட்டுத் தானே தைப்பாள்.

வண்டித் துணிச் சதுரம்தான் முடியாமல் நின்றுகொண்டே இருந்தது. காடாத்துணி வாங்கினோம்; மெலிசாக இருந்தது. பந்தல் போடுகிறவரிடம் கித்தான் துண்டு கேட்டு வாங்கினோம், எண்ணெய்ப் பிசுக்கு. புத்தகப் பை தைக்கும் துணி வழவழப்பாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையில் அந்த விரல்நகத் துண்டையும் மறு கையில் கடைத் துணியையும் வைத்துத் தேய்த்துப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் தெரிந்துவிடும். முரட்டுத் துணி கிடைக்கிறது. ஆனால் நூறு வருடத்துக்கு மேல் விரல் பட்டுப் பட்டு முரடும் மிருதுவும் ஒன்றாகிப்போன துணி கடையில் எங்கே கிடைக்கும்?

ஒரு நாள் மழைக்குப் பிறகு குடையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டப் போனேன். பக்கத்தில் தொங்கிய பையில் கை பட்டது. கை அங்கேயே நின்றுவிட்டது.

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த கித்தான் பை அது. அளவுச் சங்கிலியும் முளைகளும் போட்டுக்கொண்டு வயல் வயலாக நடந்தது. வியர்வையும் மழையும் சேறும் பட்டு, துவைத்துத் துவைத்து, நிறமே இல்லாமல் ஆகிவிட்டது. அதைத் தூக்கிப் போடச் சொல்லி என் மனைவி பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை. காரணம் கேட்டால் என்னிடம் இல்லை. கண்ணை மூடி அந்த விரல்நகத் துண்டோடு ஒப்பிட்டேன். இரண்டு கையிலும் ஒரே பதில்.

வெட்டுவதற்கு முன் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, தையலுக்கு விட வேண்டிய கால் அங்குலமும் சேர்த்து, பையின் நடுவிலிருந்து ஒரு சதுரம் வெட்டினேன்.

அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் சொன்னப்போ வராத மனசு, யாரோ ஒரு அம்மாவுக்கு வந்துடுச்சு" என்றாள். பிறகு ஊசியை எடுத்து அந்தச் சதுரத்தை மட்டும் இரண்டு மடங்கு நெருக்கமாகத் தைத்தாள்.

போர்வை முடிந்துவிட்டது. மாடி அம்மாள் ஊருக்குக் கிளம்ப வேண்டிய வாரம். கூடத்தில் கட்டிலின் மேல் விரித்துப் போட்டிருந்தோம். நான் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சதுரமாகச் சரிபார்த்தேன். முந்நூற்று எழுபத்தெட்டும் இருந்தன. ஆனால் கடைசிச் சதுரத்தைப் பார்க்கக் குனிந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கித்தான் சதுரத்துக்குப் பக்கத்தில், வெள்ளை ஓரத்துணியில், விரல் அகலத்துக்கு மஞ்சள்.

இவள் வேலைதான். எங்கள் வீடுகளில் புதுத் துணியை அப்படியே யாரும் உடுத்துவதில்லை. மூலையில் மஞ்சள் தடவி, கும்பிட்டு எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. அதிலும் பெரியவர்களுக்குக் கொடுக்கும் துணி என்றால் சொல்ல வேண்டாம். குளித்துவிட்டு வந்தவள், வழக்கப்படி விரலை மஞ்சளில் தொட்டு வைத்துவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

மூலத்தில் இல்லாத ஒன்று! இத்தனை மாதம் பார்த்துப் பார்த்துச் செய்த நகலில்! எப்படிப் போக்குவது என்று அவளையே கேட்டிருக்கலாம். பதற்றத்தில் போர்வையின் மூலையை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் பார் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் போகவில்லை. ரத்தம் போலச் சிவந்தது. தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு ஜாஸ்தியானது.

நான் கத்திய கத்தலில் இரண்டு பெண்களும் ஓடி வந்தார்கள். மாடி அம்மாள் என் கையைப் பிடித்து எங்கே அடி என்று பார்த்தார்.

"மஞ்சள்ல சோப்பு பட்டா சிவக்கும்னு சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும்" என்றாள் என் மனைவி. "தள்ளுங்க." எலுமிச்சம்பழத்தை நறுக்கி வந்து பிழிந்தாள். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பி வந்தது. "வெயில்ல போட்டா மிச்சமும் போயிடும். இதுக்குப் போயி ஊரைக் கூட்டுறாரு."

"நீ ஏன் வெச்சே? அது அங்க இல்லாதது."

"புதுத்துணிக்கு வைக்காம எப்படிக் கொடுக்குறது? அந்த அம்மா பெரியவங்க. உடம்புக்கு ஆகணும்ல?"

மாடி அம்மாள் ஈர மூலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "புதுத்துணினா எல்லாரும் வைப்பீங்களா அக்கா?" என்று கேட்டார்.

"எல்லாரும் வைப்போம்."

"இதைப் பாத்தா, இது புதுசுனு தெரியும்?"

"ஆமா. தெரியும்."

அவர் குழாயடிக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.  பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அண்ணன் சொன்னபடி, குளிக்கப் போன நேரத்தில் மாற்றி வைப்பது அவருக்கும் முதலிலிருந்தே உறுத்திக்கொண்டு இருந்ததாம். அம்மாவின் கண் போய்விட்டது, புத்தி போகவில்லை. அவரிடம் சொல்லிவிடுவதாக முடிவு செய்துவிட்டேன் என்றார். இது புதுசு, பழசு காட்சிக்கூடத்துக்குப் போகிறது என்று.

"வெயில்ல போட வேணாம் அக்கா" என்றார். "இது இருக்கட்டும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் விரும்பிய முத்திரை விழுந்துவிட்டது. ஆனால் அந்த நிம்மதி அவர் விமானம் ஏறும் வரைதான் இருந்தது.

ஊருக்குப் போன சில நாளில் அவரிடமிருந்து தகவல் வந்தது. தாயிடம் சொல்லிவிட்டார். தாய்க்குக் கோபம். பழைய போர்வையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புதியதைப் போர்த்தினால் தள்ளிவிடுகிறார். தூங்கவில்லை.

மறுநாளும் அதே தகவல். தூங்கவில்லை.

நான் சாப்பாட்டில் உட்கார்ந்தால் எனக்கு அந்தக் கை படுக்கையைத் தடவுவதுதான் தெரியும். சொல்லாமல் மாற்றியிருந்தால் ஒருவேளை தெரியாமலே போயிருக்குமோ? அந்தக் கித்தான் சதுரம் விரலுக்குக் கிடைத்திருக்கும், தூங்கியிருப்பார். நகலுக்கு முத்திரை வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்வது சரி. அங்கே மேஜைக்கு அந்தப் பக்கம் நிலத்தகராறு இருக்கும். இங்கே தூக்கம் வராத ஒரு வயதானவர் இருக்கிறார். அவருடைய பிள்ளை சொல்லாமல் மாற்றலாம் என்று நினைத்ததும் ஒரு அன்புதானே?

"நான் அப்பவே சொன்னேன், போத்திக்க ஒண்ணுனு மட்டும் நெனைங்கனு" என்றாள் என் மனைவி. ஆனால் அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. "அந்த மஞ்சளை நான் வெச்சிருக்கக் கூடாது" என்று ஒருமுறை, தட்டைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னாள். நான் கழுவிய தட்டை வாங்கித் துடைத்து வைத்தேன்.

பிறகு ஒரு காலை. எங்களுக்கு இட்லி வேளை, அவர்களுக்கு இரவு படுக்கிற வேளை. மாடி அம்மாள் காணொளியில் அழைத்தார். முகம் களைத்திருந்தது, ஆனால் சிரித்தார்.

"அம்மா உங்ககிட்ட பேசணும்னாங்க."

கைப்பேசி திரும்பியது. மெலிந்த ஒரு முகம், வெள்ளை முடி, எங்கேயோ பார்க்கும் கண்கள். மார்பு வரை எங்கள் போர்வை. வலது கை மூலையில் இருந்தது. கட்டைவிரல் கித்தான் சதுரத்தின் மேல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. முந்தைய இரவு அவரே அந்த மூலையைக் கண்டுபிடித்தாராம். அதற்குப் பிறகு தள்ளவில்லையாம்.

"மற்றதெல்லாம் புதுசு" என்றார் அந்தத் தாய், ஆங்கிலத்தில், மெல்ல. "என் பெண் சொன்னாள். சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும். இந்த ஒன்று புதுசு இல்லை. இது என்ன?"

நான் அலுவலகத்து ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். என்னுடைய பை, நிலம் அளக்கும் சங்கிலி வைப்பதற்கு.

கட்டைவிரல் நின்றது. "அது உங்களுக்குத் தேவைப்படவில்லையா?"

நான் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியைப் பார்த்தேன்.

"இன்னா கேக்குறாங்க?" என்றாள் என் மனைவி.

"அந்தப் பை எனக்கு வேணாமானு கேக்குறாங்க."

"வேணாம்னு சொல்லுங்க. எத்தனை வருஷமா தூக்கிப் போடச் சொல்றேன்."

"தேவையில்லை, அம்மா" என்றேன், ஆங்கிலத்தில்.

அவர் தலையை லேசாக ஆட்டினார். கை அந்தச் சதுரத்தைப் பற்றிக்கொண்டது. மாடி அம்மாள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அம்மாவிடம் சொன்னதில் கோபித்துக்கொண்ட அண்ணனோடு இன்னும் சரியாகப் பேச்சில்லை, காட்சிக்கூடத்தில் பழையதைப் பார்க்க அம்மாவை ஒரு நாள் அழைத்துப் போக வேண்டும், இப்படி. நான் பாதிதான் கேட்டேன். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்களின் பிடி தளர்ந்து, ஆனால் விடாமல், அப்படியே நின்றது. மூச்சு சீராக வந்தது.

"தூங்கிட்டாங்க" என்றார் மாடி அம்மாள், குரலைத் தாழ்த்தி. அவருக்கே நம்பிக்கை வராதது போலிருந்தது.

"ஏங்க, அந்தக் காலைப் பாருங்க, வெளியே இருக்கு" என்றாள் என் மனைவி. "போத்தச் சொல்லுங்க. அங்க குளிருமே."

சொன்னேன். மாடி அம்மாள் போர்வையை மெதுவாகக் கீழே இழுத்துக் காலை மூடினார். மடிப்பில் மறைந்திருந்த பகுதி விரிந்து திரையில் வந்தது. என் கண் தானாகவே எண்ணிக்கொண்டு போய் நாலாவது வரிசையில் நின்றது. அவள் கண்ணும் அங்கேதான் நின்றிருக்க வேண்டும்.

"அந்தக் கட்டம் தப்பாத்தான் தெரியுது" என்றாள்.

"தப்பாத்தான் இருக்கணும்" என்றேன்.

"சத்தம் போடாதீங்க" என்றாள். "தூங்குறாங்க."